அப்ஜத் கணக்கு: அரபு எழுத்துகளைக் கூட்டிப் பார்ப்பது எப்படி?

ஆட்டோவின் முன்கண்ணாடியில், பிரியாணிக் கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் 786 என்று பார்த்திருப்பீர்கள். மற்ற வீட்டுப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி நிற்கும் இடத்தில் நிற்கிற எண் அது. அந்த எண் விழுந்த ரூபாய் நோட்டைச் செலவழிக்காமல் பர்ஸில் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு, அதிக விலைக்கு விற்கிறவர்களும் உண்டு. 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்ற வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் தொகை என்பதுவரை பலருக்குத் தெரியும். எப்படிக் கூட்டுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; அவற்றைக் கூட்டுவதுதான் அப்ஜத் கணக்கு. கூட்டுவது எளிதுதான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பழகிவிடும். சிக்கல் இருப்பது வேறு இடத்தில். எந்த எழுத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்கிற விதிகள் ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறும். விதியை முதலில் எழுதி வைத்துவிட்டுக் கூட்டினால் இது அருமையான கலை. தொகையைப் பார்த்துவிட்டு விதியைத் தேடினால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம்.

ஒரு அரபு எழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரபியில் தனித்தனியாக இருக்கும் பல எழுத்துகள் தமிழில் 'தா', 'ஹா', 'ஸா' என்று ஒன்றாகக் கலந்துவிடும். வடிவத்தைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

முதல் படி: பழைய வரிசையைப் பிடியுங்கள்

இன்று மதரஸாவில் சொல்லிக்கொடுக்கும் 'அலிஃப், பா, தா...' வரிசை, ஒத்த வடிவமுள்ள எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமைத்தது. எண் மதிப்பு அந்த வரிசைக்கு உரியதல்ல. அதைவிடப் பழைய வரிசை ஒன்று, எபிரேயம், அரமேயம் ஆகியவற்றோடு பங்காளி உறவுள்ளது. அதன் முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'அப்ஜத்'. மொத்தம் எட்டு மந்திரச் சொற்களாக அதை மனப்பாடம் செய்வார்கள்:

அப்ஜத்: அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4
ஹவ்வஸ்: மெல்லிய ஹா 5, வாவ் 6, ஸாய் 7
ஹுத்தீ: தொண்டை ஹா 8, கனத்த தா 9, யா 10
கலமன்: காஃப் 20, லாம் 30, மீம் 40, நூன் 50
ஸஅஃபஸ்: ஸீன் 60, ஐன் 70, ஃபா 80, ஸாத் 90
கரஷத்: தொண்டைக் காஃப் 100, ரா 200, ஷீன் 300, மெல்லிய தா 400
தகத்: மூன்று புள்ளி ஸா 500, புள்ளி வைத்த கா 600, புள்ளி வைத்த தால் 700
ளளக்: ளாத் 800, ளா 900, கைன் 1000

முதல் 22 எழுத்துகளுக்கு 400 வரையுள்ள மதிப்பு எபிரேயத்திலும் அப்படியே இருக்கிறது. யூதர்களின் எழுத்தெண் கணக்கான கெமத்ரியாவும் இதுவும் ஒரே வேரில் வந்தவை. கடைசி ஆறும் அரபு மொழி பின்னால் சேர்த்தவை. அவற்றை அட்டையில் பாருங்கள்: ஆறுமே ஏற்கெனவே உள்ள ஓர் எழுத்தின் மேல் புள்ளி வைத்து வந்தவை. தா, ஹா, தால், ஸாத், கனத்த தா, ஐன் ஆகியவற்றுக்குப் புள்ளி வைத்தால் 500 முதல் 1000 வரை கையில் வந்துவிடும். மனப்பாடத்துக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. அப்ஜத், ஹவ்வஸ் எல்லாம் மத்யன் நாட்டு மன்னர்களின் பெயர்கள் என்று பழைய அரபு நூல்களில் ஒரு கதை வரும். கதையாகக் கேட்டு ரசிக்கலாம்.

இந்திய எண்ணுருக்கள் அரபு உலகில் வேரூன்றிய பிறகும் இந்த எழுத்தெண்கள் போய்விடவில்லை. வானியலாளர்களின் ஆஸ்ட்ரோலேப் கருவிகளில் பாகைகளைக் குறிக்க இவற்றைத்தான் பொறித்தார்கள். அதாவது மந்திரமாவதற்கு முன்னால் இது சாதாரணக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ளது கிழக்கு வழக்கு. மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்தில் வழங்கிய மக்ரிபு வழக்கில் ஆறு எழுத்துகளின் மதிப்பு வேறு: ஸாத் 60, ளாத் 90, ஸீன் 300, ளா 800, கைன் 900, ஷீன் 1000. பழைய வட ஆப்பிரிக்கச் சுவடியைக் கிழக்கு வழக்கில் கூட்டினால் தொகை தப்பும்.

இரண்டாம் படி: எதைக் கூட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

அடிப்படை விதி ஒன்றுதான்: எழுதியிருப்பதைக் கூட்டு, ஒலிப்பதைக் கூட்டாதே. ஸபர், ஸேர், பேஷ் போன்ற குறில் குறிகளுக்கு மதிப்பில்லை. ஷத்து வந்து எழுத்து இரட்டித்து ஒலித்தாலும் ஒருமுறைதான் கணக்கு. அதனால்தான் 'முஹம்மத்' என்ற பெயருக்கு மீம் 40, ஹா 8, மீம் 40, தால் 4 என்று 92 வருகிறது. எழுத்துக்கு மேலே சின்னதாகக் கீறும் அலிஃபும் கணக்கில் இல்லை.

இனிமேல்தான் வம்பு. ஹம்ஸாவுக்கு (தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலியின் குறி) தனி மதிப்பு கிடையாது, அது உட்கார்ந்திருக்கும் எழுத்தை மட்டும் எண்ண வேண்டும் என்பது பொது வழக்கு. ஆனால் சொல்லின் கடைசியில் தனியாக நிற்கும் ஹம்ஸாவைச் சிலர் 1 என்று எடுப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். பெண்பாற் சொற்களின் ஈற்றில் வரும் வட்டத் தாவை ஹா போல எழுதுவதால் 5 என்பார்கள். தா போல ஒலிப்பதால் 400 என்பவர்களும் உண்டு. ஒரே எழுத்தில் 395 வித்தியாசம்! பாரசீகம், உருதுச் சொற்களில் வரும் கூடுதல் எழுத்துகளுக்கு அவற்றின் தாய் எழுத்தின் மதிப்பு: 'ப'வுக்கு 2, 'ச'வுக்கு 3, 'க'வுக்கு (காந்தியில் வரும் ஒலி) 20.

இவற்றில் எதைப் பின்பற்றப் போகிறீர்கள் என்று தாளின் மேலே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

மூன்றாம் படி: பிஸ்மியைக் கூட்டுங்கள்

'பிஸ்மி': பா 2, ஸீன் 60, மீம் 40. தொகை 102.
'அல்லாஹ்': அலிஃப் 1, லாம் 30, லாம் 30, ஹா 5. தொகை 66.
'அர்ரஹ்மான்': அலிஃப் 1, லாம் 30, ரா 200, ஹா 8, மீம் 40, நூன் 50. தொகை 329.
'அர்ரஹீம்': அலிஃப் 1, லாம் 30, ரா 200, ஹா 8, யா 10, மீம் 40. தொகை 289.

நான்கையும் சேர்த்தால் 786. 'அர்ரஹ்மான்' என்று சொல்லும்போது லாம் ஒலிக்கவில்லை, ஆனால் எழுத்தில் இருக்கிறது, அதனால் 30. 'மா' நெடிலாக ஒலிக்கிறது, ஆனால் வழக்கமான எழுத்தில் அங்கே முழு அலிஃப் இல்லை; அதனால் பூஜ்யம். அந்த அலிஃபைச் சேர்த்தால் 787. 'இஸ்ம்' என்ற சொல்லின் அலிஃப் பிஸ்மியில் எழுதப்படாமல் மறைந்திருக்கிறது; அதையும் சேர்த்தால் 788. மக்ரிபு வழக்கில் கூட்டினால் ஸீன் 300 ஆகி, மொத்தம் 1026 வரும். ஆகவே 786 என்பது கிழக்கு வழக்கும் குறிப்பிட்ட எழுத்துக் கூட்டும் சேர்ந்து தரும் விடை.

பிஸ்மிக்குப் பதிலாக 786 போடலாமா என்பதில் ஆலிம்களிடையே (மார்க்க அறிஞர்கள்) கருத்து வேறுபாடு உண்டு. இறைவன் பெயர் எழுதிய தாள் குப்பையில் விழக் கூடாது என்பதற்காக எண்ணைப் போடுவதாக ஒரு சாரார் சொல்வார்கள். எண் ஒருபோதும் வாசகத்துக்கு ஈடாகாது, முழுசாக எழுது என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டாமவர்கள் வாதத்துக்குக் காட்டும் ஓர் உதாரணம் உண்டு: 'ஹரே கிருஷ்ணா' என்பதை உருதுவில் எழுதுங்கள். ஹரே: ஹா 5, ரா 200, யா 10 என்று 215. கிருஷ்ணா: காஃப் 20, ரா 200, ஷீன் 300, நூன் 50, அலிஃப் 1 என்று 571. இரண்டும் சேர்ந்து 786! தொகை ஒன்றானதால் பொருளும் ஒன்று என்று யாராவது சொல்ல வந்தால் இதைக் காட்டலாம். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தக் காட்டுகிறவர்களும் இருப்பார்கள், அது அவரவர் மனசு.

நான்காம் படி: ஒரே தொகையுள்ள சொற்களைத் தேடுங்கள்

இந்தக் கலையின் கவிதைப் பகுதி இது. 'அல்லாஹ்' 66 என்று பார்த்தோம். துலிப் மலருக்குத் துருக்கியிலும் பாரசீகத்திலும் 'லாலே' என்று பெயர்: லாம், அலிஃப், லாம், ஹா. அதுவும் 66. பிறைக்கு 'ஹிலால்': ஹா, லாம், அலிஃப், லாம். அதுவும் 66. மூன்றிலும் அதே நான்கு எழுத்துகளே இடம் மாறி நிற்கின்றன, ஒரு லாமுக்கும் அலிஃபுக்கும் கூடக் குறைச்சல் இல்லை. உஸ்மானியர்களின் ஓடுகளிலும் பட்டுத் துணிகளிலும் துலிப் அத்தனை விரும்பி வரையப்பட்டதற்கு இந்தக் கணக்கையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இஸ்தான்புல் பள்ளிவாசல் ஓடுகளின் படம் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள்.

'அலீ' 110 (ஐன் 70, லாம் 30, யா 10). அலீ ஷியாக்களின் முதல் இமாம் என்பதால் அவர்களிடம் இந்த எண்ணுக்குத் தனி மரியாதை.

ஐந்தாம் படி: எழுத்தின் பெயரை விரித்துப் பாருங்கள்

இது கொஞ்சம் மேல் வகுப்புப் பாடம். ஓர் எழுத்தின் பெயரையே எழுத்துக் கூட்டினால், முதலில் வருவது அந்த எழுத்து. அதற்கு 'ஸுபுர்' என்று பெயர். பின்னால் மறைந்திருப்பவை 'பய்யினாத்'. உதாரணமாக 'மீம்' என்று எழுத மீம், யா, மீம் வேண்டும். முதல் மீமை எடுத்துவிட்டால் மிச்சம் 50.

இப்போது 'முஹம்மத்' பெயரின் மறைந்த பகுதியை மட்டும் கூட்டுங்கள். மீமுக்கு 50, ஹாவுக்கு 1, மறுபடி மீமுக்கு 50, தாலுக்கு (அலிஃப், லாம்) 31. மொத்தம் 132. 'இஸ்லாம்' என்ற சொல்லைக் கூட்டினால்: 1, 60, 30, 1, 40. அதுவும் 132. 'அலீ'யின் மறைந்த பகுதி: ஐனுக்கு 60, லாமுக்கு 41, யாவுக்கு 1 என்று 102. 'ஈமான்' (நம்பிக்கை) என்ற சொல்லும் 102. சூஃபிகளும் ஷியாக்களும் இதை எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: பெயருக்குள் ஒளிந்திருந்து நம்பிக்கையே எட்டிப் பார்க்கிறது.

ஆனால் விதித் தாளை மறக்க வேண்டாம். ஹா, யா என்ற எழுத்துப் பெயர்களின் ஈற்று ஹம்ஸாவைச் சேர்த்திருந்தால் இரண்டும் பொருந்தியிருக்காது. இன்னொரு வேடிக்கை: 'முஹம்மத்'தில் ஷத்துப் போட்ட மீமை இரண்டாக எண்ணினால் 92க்குப் பதில் 132 வரும். அதே எண்ணுக்குப் போக இன்னொரு பாதை!

ஆறாம் படி: ஒன்பது கட்டம்

மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு 1 முதல் 9 வரை இப்படி நிரப்புங்கள்:

4 9 2
3 5 7
8 1 6

எப்படிக் கூட்டினாலும் 15, மொத்தமாகக் கூட்டினால் 45. எண்களுக்குப் பதில் எழுத்துகளை எழுதினால் தாயத்துத் தகடுகளில் காணும் கட்டம் வந்துவிடும். 'ஆதம்' 45 (1, 4, 40). 'ஹவ்வா' (ஏவாள்) 15 (8, 6, 1). அதாவது கட்டம் முழுவதும் ஆதம், ஒவ்வொரு வரியும் ஹவ்வா. சனிக் கோளுக்கு அரபியில் 'ஸுஹல்': 7, 8, 30 என்று அதுவும் 45. இந்தக் கட்டத்தைச் சனிக்கு உரியதாக வைத்தார்கள்.

நான்கு மூலைகளில் இருக்கும் இரட்டைப்படை எண்களைப் பாருங்கள்: 2, 4, 6, 8. எழுத்தில் பா, தால், வாவ், ஹா. சேர்த்துப் படித்தால் 'பதூஹ்'. அகராதியில் பொருள் தேடக் கூடாத சொல் இது. கட்டத்தின் மூலைகளே சொல்லாகிவிட்டன. கடிதமும் பொட்டலமும் பத்திரமாகப் போய்ச் சேர உறையின் மேல் 'பதூஹ்' என்றோ 8642 என்றோ எழுதும் பழக்கம் மத்தியக் கிழக்கில் நெடுநாள் இருந்தது. இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இந்தக் கட்டத்தைப் பிரசவ வேதனை தணிக்கும் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்: தண்ணீர் படாத இரண்டு துணியில் எழுதிப் பிரசவிக்கும் பெண்ணின் காலடியில் வைப்பார்களாம். கட்டங்களையும் இறைநாமங்களையும் எழுத்துகளையும் பெரிய சாஸ்திரமாகவே விரித்த நூல்கள், வட ஆப்பிரிக்காவில் பிறந்த அஹ்மத் அல்பூனியின் பெயரில் வழங்குகின்றன.

ஏழாம் படி: ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் மாயத்தைவிட இங்கே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் விடை சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்கலாம். ஒரு சொற்றொடரின் தொகை ஹிஜ்ரி (இஸ்லாமியக் காலண்டர்) ஆண்டாக அமையும்படி எழுதுவார்கள். கல்லறை, பள்ளிவாசல், கிணறு, புத்தகம் எதற்கும் உண்டு. இதற்குத் 'தாரீக்' என்று பெயர். ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் மறைவுக்குச் சொல்லப்படுவது 'காகெ முஸல்லா', முஸல்லாவின் மண். அவர் அடங்கியிருக்கும் ஷீராஸ் தோட்டத்தின் பெயர் முஸல்லா. புள்ளி வைத்த கா 600, அலிஃப் 1, காஃப் 20. பிறகு மீம் 40, ஸாத் 90, லாம் 30, ஈற்றில் யா வடிவம் 10. மொத்தம் 791. அதாவது 1389.

கான்ஸ்டாண்டிநோபிள் வெற்றிக்குக் குர்ஆனிலிருந்தே எடுத்த சொற்கள் 'பல்ததுன் தய்யிபதுன்', நல்ல நகரம். 2, 30, 4, 400. 9, 10, 2, 400. மொத்தம் 857, அதாவது 1453. கவனித்தீர்களா, இங்கே வட்டத் தா இரண்டுக்கும் 400. ஐந்து என்று எடுத்தால் 67 தான் வரும்.

ஹுமாயூன் தில்லியில் நூலகப் படியிலிருந்து விழுந்து இறந்தது 1556 ஜனவரியில், ஹிஜ்ரி 963. அதற்கு எழுதியது: 'ஹுமாயூன் பாத்ஷா அஸ் பாம் உஃப்தாத்', ஹுமாயூன் மன்னர் மாடியிலிருந்து விழுந்தார். கூட்டிப் பாருங்கள்: 112, 313, 8, 43, 486. மொத்தம் 962. ஒன்று குறைகிறது! செய்தியை அப்படியே சொல்லும் வரி இவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால் அந்த ஒன்றை யாரும் பெரிதுபடுத்தவில்லை போலும். பொதுவாக இப்படிக் கூடக் குறைய வந்தால், இன்ன எழுத்தைச் சேர், இன்னதை வெட்டு என்று கவிதையிலேயே சூசகம் வைப்பார்கள். அதற்குத் 'தஃமியா' என்று பெயர். உஸ்மானியக் கவிஞர்கள் புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் கூட்டச் சொல்வதும் உண்டு, புள்ளியில்லாதவற்றை மட்டும் கூட்டச் சொல்வதும் உண்டு.

பிள்ளைக்கே இப்படிப் பெயர் வைக்கலாம். மௌலானா அபுல் கலாம் ஆசாத்துக்கு வைத்த தாரீக்குப் பெயர் 'ஃபீரோஸ் பக்த்'. ஃபா 80, யா 10, ரா 200, வாவ் 6, ஸாய் 7, பா 2, கா 600, தா 400. மொத்தம் 1305, அவர் பிறந்த ஹிஜ்ரி ஆண்டு.

எழுத்தே சமயமானபோது

சிலர் இதை விளையாட்டாக விடவில்லை. சூஃபி ஞானி இப்னு அரபி (1165–1240) 28 எழுத்துகளையும் சந்திரனின் 28 நட்சத்திர மனைகளோடு இணைத்துப் படைப்பையே வாசித்தார். ஈரானில் அஸ்தராபாத் ஊர்க்காரரான ஃபஸ்லுல்லாஹ், அரபின் 28 எழுத்தையும் பாரசீகத்தின் 32 எழுத்தையும் மனித முகத்தின் கோடுகளிலேயே கண்டார். ஹுரூஃபி இயக்கம் அவரிடமிருந்து பிறந்தது. 1394இல் தைமூரின் மகன் மீரான் ஷா அவரைக் கொன்றான்.

நம் நாளில் கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் பஹாய் சமயம். 'வாஹித்' (ஒருவன்) என்றால் 6, 1, 8, 4 சேர்ந்து 19. அவர்கள் காலண்டரில் 19 மாதம், மாதத்துக்கு 19 நாள். மிச்ச நாள்கள் இடைச்செருகல். 'பஹா' 9: பா 2, ஹா 5, அலிஃப் 1, ஈற்று ஹம்ஸா 1. தில்லியில் 1986இல் திறந்த தாமரைக் கோயிலுக்கு ஒன்பது பக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஹம்ஸாவை எண்ணினார்கள். அதே மாதிரி முடியும் 'ஹவ்வா'வில் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் 16 ஆகி, கட்டத்தோடு பொருந்தியிருக்காது.

ஜோசியத்துக்குப் போகுமுன்

பெயரையும் தாயார் பெயரையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மிச்சத்தை ராசியாகச் சொல்பவர்கள் உண்டு. சண்டைக்குப் போகும் இரு மன்னர்களின் பெயர்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகக் கழித்து, மிச்சத்தை வைத்து யார் ஜெயிப்பார் என்று சொல்லும் முறையை வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். விவரித்துவிட்டு அதை நம்பவும் இல்லை. உங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல யாராவது காசு கேட்டால், 'எந்த வழக்கு? ஹம்ஸாவுக்கு என்ன மதிப்பு? வட்டத் தாவுக்கு?' என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பர்ஸை வெளியே எடுக்க வேண்டாம்.

கைப்பழக்கத்துக்கு

'கமர்' (சந்திரன்) 340 வர வேண்டும். 'நூர்' 256. 'ஷம்ஸ்' (சூரியன்) கிழக்கு வழக்கில் 400, மக்ரிபு வழக்கில் 1340. 'ஸலாம்' 131, மக்ரிபில் 371. 'ஃபாத்திமா' 135 அல்லது 530; ஏன் இரண்டு என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

அப்புறம் உங்கள் பெயர். அரபுப் பெயர் என்றால் நிலையான எழுத்துக் கூட்டு இருக்கிறது, பிரச்சினை இல்லை. தமிழ்ப் பெயர் என்றால் கூட்டுவதற்கு முன் எழுத்துக் கூட்டையே நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் ண, ள, ட போன்றவற்றுக்காகப் புள்ளி சேர்த்து உருவாக்கிய எழுத்துகள் உண்டு. பாரசீகக்காரர்கள் செய்தது போலத் தாய் எழுத்தின் மதிப்பையே கொடுத்துக்கொள்ளலாம். 'கண்ணன்' என்பதைக் காஃப், ஷத்துப் போட்ட நூன், இன்னொரு நூன் என்று எழுதினால் 120. ஷத்துக்குப் பதில் நூனை இரண்டு தடவை எழுதினால் 170. ஷத்து எழுத்தையே வைத்து, நடுவில் ஓர் அலிஃபை நுழைத்து 'கண்ணான்' போல எழுதுகிறவர்களுக்கு 121.